கடைக் கண்ணாடியில் ஒட்டிய தாள்

என் சகலனிடம் ஒரு செம்மஞ்சள் மேற்சட்டை இருந்தது. அந்தச் சட்டைமேல் எனக்கு வந்த எரிச்சலால், புருசனுக்குத் தெரியாமல் பிள்ளையோடு ஒளிந்திருந்த ஒரு பெண்ணின் வீட்டு விலாசம் என் கடைக் கண்ணாடியில் நான்கு மணித்தியாலம் தொங்கியது. அதைத்தான் எழுதப்போகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். நடந்ததில் இருக்கும் பிழையை யாராலும் திருத்த முடியாது.

முதலில் நான் யார் என்று சொல்ல வேண்டும். டொரொண்டோவுக்கு ஆறு மணித்தியாலம் தள்ளி, பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தில், மட்டக்களப்பிலிருந்து ஒரு தோள்பையோடு வந்து இறங்கினேன். டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோரண்டின் அடுப்படியில் சட்டி கழுவினேன். டோர்வல் விமான நிலையத்தில் விமானத்துக்குள் ஏறி இருக்கைகளின் கீழே குப்பை பொறுக்கினேன். ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி சுமந்து முதுகெலும்பு ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு பார்க் எக்ஸ்டென்ஷனில் இந்தக் கடையைப் போட்டேன். கடைக்கு மேலே இருக்கும் இரண்டு மாடியும் என்னுடையவை. படித்த ஆட்கள் பலர் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள்.

என் கடைக் கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் மரண அறிவித்தல் முதலில் அங்கேதான் ஏறும். கோயில் திருவிழா, மாதா கோயில் பெருநாள், கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் இடம், வாடகைக்கு அறை, எல்லாம் அந்தக் கண்ணாடியில்தான். அதைப் பார்க்காமல் எங்கள் ஆட்கள் ஒரு நல்லது கெட்டதுக்குப் போக மாட்டார்கள்.

என் சகலன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே ஏதோ அலுவலகத்தில் மேசைக்கு முன்னால் இருபது வருடம் இருந்துவிட்டு ஓய்வு எடுத்துக்கொண்டார். வாழ்நாளில் ஒரு மூட்டை அரிசி தூக்கியிருக்க மாட்டார். ஆனால் பிரெஞ்சு பேசுவார். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. எனக்கும் அப்படியே வாயில் வந்துவிட்டது, விருப்பமில்லாமல்.

அந்தக் கோடையில் ஒருநாள் காலையில் பிடித்த மழை மத்தியானமாகியும் விடவில்லை. தெருவுக்கு அடியிலுள்ள வடிகால் நிரம்பியது. தண்ணீர் கூரையால் வரவில்லை, வாசலாலும் வரவில்லை. பேஸ்மென்டுகளில், நிலத்துக்குக் கீழே இருக்கும் வீடுகளில், கழிவறைக் குழியாலும் தரை ஓட்டையாலும் கறுப்பாகக் கிளம்பி வந்தது. எங்கள் பகுதியில் பேஸ்மென்டில் இருப்பது யார்? புதிதாக வந்தவர்கள், தனியாக இருப்பவர்கள், வேறு இடம் கிடைக்காதவர்கள். மெத்தைகளைத் தலையில் வைத்துக்கொண்டு வீதிக்கு வந்தார்கள்.

நான் பின்பக்கம் பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினேன். சோறும் பருப்பும். கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால் வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். நிவாரண நிறுவனம் ஒன்று மடக்குக் கட்டில்களோடு வந்து இறங்கியது. தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று கேள்விப்பட்டு முதலில் போனவன் நான்தான். வாசலில் நின்ற பெண் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். என் பிரெஞ்சு 'பொன்ஜூர்', 'மெர்சி' என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடும். இரண்டையும் சொன்னேன். அவள் சிரித்து எனக்கு ஒரு கோப்பி தந்து ஒரு கதிரையைக் காட்டினாள். நானும் வீடிழந்தவன் என்று நினைத்துவிட்டாள். அப்போதுதான் சகலன் வந்தார். வாயைத் திறந்தார். பத்து நிமிடத்தில் தொண்டர்கள் போடும் செம்மஞ்சள் சட்டை அவர் தோளில்.

மழை விட்டு மூன்று நாளாகியும் அந்தச் சட்டை தோளை விட்டு இறங்கவில்லை. கறிவேப்பிலை வாங்கவும் அதோடுதான் வந்தார்.

கடைக்கு வந்த ஒரு பெண், கையில் நான் கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்: "மாஸ்டர் இல்லாட்டி நாங்கள் என்ன செய்திருப்பம் ஐயா? எங்கடை கடவுள் அவர்."

"சோறு காணுமா பிள்ள?" என்று கேட்டேன்.

"ஓம் ஓம், காணும். பருப்புக்குக் கொஞ்சம் உப்புக் கூட."

என் மனைவியும் சும்மா இருக்கவில்லை. மண்டபத்துக்குத் தேநீர் கொண்டுபோய்விட்டு வந்து, "அவர்ட கையெழுத்தப் பார்க்கணும், அச்சடிச்ச மாதிரி. ஒவ்வொரு ஆளையும் இருத்திவெச்சு எவ்வளவு பொறுமையாக் கேட்டு எழுதுறார்" என்றாள். முப்பத்தைந்து வருடம் கடைக்கணக்கு எழுதுகிற என் கையெழுத்தைப் பற்றி அவள் ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இனி, தொடக்கத்தில் சொன்னேனே, ஒளிந்திருந்த அந்தப் பெண். இரண்டு தெரு தள்ளி ஒரு பேஸ்மென்டில் ஆறு வயது மகளோடு இருந்தாள். டோர்வலில் விமானத்துக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. வேலை முடிந்து வரும்போது என் கடையில் மகளுக்கு ஒரு பக்கற் தேங்காய் பிஸ்கட் வாங்குவாள். வேறு பேச்சில்லை. ஒருமுறை, "எந்த ஊர் பிள்ள? மனுசன் எங்க வேல?" என்று கேட்டேன். "வெளியில" என்றுவிட்டுப் போய்விட்டாள். எனக்கு முகத்தில் அடித்தது போலிருந்தது. இந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன சண்டை என்பது எனக்குத் தெரியாமல் இருந்ததில்லை.

அவளை மண்டபத்தில் கண்டேன். சகலனின் மேசைக்கு முன்னால் அரை மணித்தியாலம் இருந்தாள். அவள் கதைக்கத் தொடங்கியதும் அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்ப் போத்தல் பெட்டியைத் தோளில் சுமந்தபடி நின்று அதைப் பார்த்தேன். எனக்கு ஒரு சொல்லும் சொல்லாதவள் அவருக்கு எல்லாவற்றையும் சொல்கிறாள்.

பட்டியல் என்பது எனக்கு மண்டையில் ஏறியது அன்றுதான். நான் சின்னப் பொடியனாக இருந்தபோது எங்கள் ஊரில் சூறாவளி அடித்தது. நிவாரணம் வந்ததும் ஊருக்குப் பொறுப்பான அரசாங்க ஆள், விதானையார், பெயர்ப் பட்டியலைக் கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் ஒட்டினார். யாருக்கு எத்தனை தகரம், எத்தனை பாய் என்று ஊர் முழுக்க நின்று வாசித்தது. செத்துப்போன ஒருவர் பெயரில் தகரம் போனதை அந்தச் சுவரில்தான் பிடித்தார்கள். அரசாங்கத்தைக் கண்காணிக்க எங்களுக்குத் தெரிந்த வழி அதுதான். நிவாரணம் என்றால் பட்டியல், பட்டியல் என்றால் சுவர்.

அடுத்த நாள் கறிவேப்பிலைக்கு வந்த சகலனிடம் கேட்டேன்.

"மாஸ்டர், லிஸ்ட்ட எங்க ஒட்டியிருக்கிறீங்க?"

"எந்த லிஸ்ட் அண்ணை?"

"ஆராருக்கு என்ன குடுத்த எண்டு எழுதின லிஸ்ட்."

"அது ஒட்டுறேல்லை அண்ணை. சனத்தின்ரை சொந்த விசயம். பூட்டித்தான் வைக்கவேணும்."

"பூட்டி வெக்கிற லிஸ்ட்டில களவு இரிக்கும்."

அவர் சிரித்தார். "பேந்து கதைப்பம் அண்ணை. கறிவேப்பிலையைத் தாங்கோ, அவ கறியை அடுப்பில வைச்சிட்டு நிக்கிறா."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. விளங்காதவனைப் பார்த்துச் சிரிக்கும் வாத்தியார் சிரிப்பு.

அதே கிழமை ஒரு காலையில் அவர் ஒரு கோப்போடு ஓடி வந்தார். மண்டபத்தில் போட்டோக்கொப்பி மெஷின் பழுதாம், அவசரமாகப் பிரதி வேண்டுமாம். என் கடை மூலையில் ஒரு மெஷின் உண்டு. "அடியுங்க" என்றேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? மெஷினுக்கும் எனக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என் கடை, என் மெஷின், என் மின்சாரம், எனக்கே முதுகு. பாதியில் அவருடைய தொலைபேசி அடித்தது. தாள்களை வாரிக் கோப்புக்குள் வைத்துக்கொண்டு பிரெஞ்சில் பேசியபடியே போனார்.

ஒருவருக்குப் பாஸ்போட் பிரதி எடுக்க மூடியைத் தூக்கியபோது, மெஷின் கண்ணாடியின்மேல் ஒரு தாள் குப்புறக் கிடந்தது.

எல்லாம் பிரெஞ்சு. ஆனால் பெயரும் விலாசமும் எந்த மொழியிலும் வாசிக்கலாம். இருபத்திரண்டு பெயர்கள். மூன்றாவது வரியில் என் சகலனின் சொந்தப் பெயர்! நான்கு பெயர்களைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம். அதில் ஒருவர் அவருடைய ஊர்க்காரர். ஒன்று டோர்வலில் வேலை செய்யும் அந்தப் பெண். வட்டம் போட்டவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார் என்று முடிவெடுத்தேன். வேண்டியவர்களுக்கு வட்டம், தன் பெயருக்கு மூன்றாவது இடம். 'பிடிச்சிட்டன் மாஸ்டர்' என்று மனதுக்குள் சொன்னேன். உண்மையில் வாய்விட்டும் சொன்னேன். பாஸ்போட் பிரதிக்கு வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மனைவி கடையில் இருந்திருந்தால் தடுத்திருப்பாள். அன்று கண் வைத்தியரிடம் போயிருந்தாள். ஒரு மரண அறிவித்தலுக்கும் மாதா கோயில் பெருநாள் அறிவித்தலுக்கும் நடுவில் இடம் பார்த்து, நான்கு மூலைக்கும் ஒட்டு ரேப் வைத்து அந்தத் தாளை ஒட்டினேன். பதினொரு மணி இருக்கும்.

ஆட்கள் நின்று பார்த்தார்கள். "என்ன ஐயா, லொத்தர் றிசல்ட்டோ?" என்று ஒருவர் பகிடி விட்டார்.

"நிவாரணப் பட்டியல். ஆராருக்குப் போன எண்டு எல்லாருக்கும் தெரியத்தானே வேணும்" என்றேன்.

"அது சரிதான்" என்று அவர் தொலைபேசியால் ஒரு படம் எடுத்துக்கொண்டார். இன்னொருவரும் எடுத்தார். நான் கடை வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். சட்டை இல்லாமலே நான் ஒரு அதிகாரி.

மூன்று மணிக்கு அவள் வந்தாள். உள்ளே வந்து, பிஸ்கட் பக்கற்றை எடுத்து, மேசையில் வைத்துவிட்டுத் திரும்பியபோது கண்ணாடியில் தாளின் பின்பக்கம் தெரிந்தது. வெயிலில் சிவப்பு வட்டங்கள் இந்தப் பக்கமும் துலங்கின. வெளியே போய்ப் பார்த்தாள். தன் வரியில் விரலை வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. விரல் நகத்தால் ரேப்பை மூலை மூலையாகக் கிளப்பித் தாளைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஐயா, இது எப்ப தொடக்கம் இருக்கு?"

"பதினொரு மணி... ஏன் பிள்ள?"

"ஆரும் படம் எடுத்தவையோ?"

நான் வாசல் பக்கம் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டாள்.

"இந்த வட்டம் போட்டால் எங்கடை பேரை ஆருக்கும் சொல்லக்கூடாது எண்டு அர்த்தம். மாஸ்டர் சொன்னவர். அவருக்கு டொரொண்டோவில எல்லாக் குறூப்பிலையும் ஆக்கள் இருக்கினம் ஐயா."

"எவருக்கு?"

"என்ரை பிள்ளையின்ரை தேப்பனுக்கு."

வலது சட்டைக்கையை மேலே இழுத்தாள். முழங்கைக்கு மேலே முறிந்த எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. "ரெண்டு வருசமாக் கண்டுபிடிக்கேல்லை" என்றாள். தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். பிஸ்கட் மேசையிலேயே கிடந்தது.

அவள் வாசலைத் தாண்டியதும் தொலைபேசியை எடுத்தேன். படம் எடுத்த முதல் ஆளைப் பிடித்தேன். "ஐயா, அப்பவே வாட்ஸ்அப்பில போட்டிட்டனே, நீங்கள்தானே எல்லாருக்கும் தெரியவேணும் எண்டனீங்கள்" என்றார். அழிக்கச் சொன்னேன். அழித்தார். இரண்டாவது ஆளும் அழித்தார். அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்கள், யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சகலன் வந்தார். சட்டை போட்டிருக்கவில்லை. என்னைப் பார்க்காமல் நேரே மெஷினிடம் போய் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக மூடினார்.

"ஒரு தாளை விட்டிட்டுப் போட்டன் அண்ணை. எண்ணிப் பார்த்திருக்கவேணும். பிழை என்ரை."

ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன். முப்பது வருடத்தில் அவரிடம் நான் எதிர்பார்த்திருந்த சண்டை அது. அதையும் அவர் தரவில்லை.

தண்ணீர் வடிந்தபின் அவளும் மகளும் திரும்பிப் போயிருந்த அந்த வீட்டிலிருந்து, அன்று மாலைக்குள் இருவரையும் எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள்.

சில கிழமைகள் போனபின் அரசாங்கத்திலிருந்து விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். வெள்ளத்தின்போது நிறுவனம் சரியாக வேலை செய்ததா, கட்டில் போக வேண்டியவர்களுக்குப் போனதா, ஆட்களின் விவரங்களை எப்படி வைத்திருந்தார்கள் என்று பார்ப்பதற்காம். சகலன் அவர்களிடம் தாளைத் தான்தான் ஒரு கடையில் விட்டுவிட்டதாகச் சொல்லியிருந்தார். எந்தக் கடை, யார் ஒட்டியது என்று கேட்டதற்கு, அது தன் கவனக்குறைவால் வந்தது, மற்றவரின் பெயர் தேவையில்லை என்றாராம். மேசை வேலையிலிருந்து அவரை நிறுத்திச் சட்டையைத் திருப்பி வாங்கிவிட்டார்கள்.

நான் எதற்கு ஆசைப்பட்டேனோ அது நடந்துவிட்டது. ஆனால் கடைக்கு வந்தவர்களின் கதையைக் கேளுங்கள்.

"பாருங்கோ ஐயா, உங்களைக் காட்டிக் குடுக்கேல்லை. எவ்வளவு பெரிய மனசு!"

"நீங்கள் தெரியாமச் செய்திட்டியள். பழியைத் தான் சுமக்கிறார் மனுசன்."

என் கடையில், என் முகத்துக்கு நேரே, என் வெண்டிக்காயைத் தெரிந்தெடுத்துக்கொண்டே சொன்னார்கள். மனைவி ஒரு படி மேலே போனாள். "தங்கச்சியவங்கட வீட்டுக்குக் கீழயும் தண்ணி வந்த. அதான் லிஸ்ட்டில பேர் இரிந்த. ஒரு மெத்தகூட எடுக்கல்ல. எடுக்கல்ல எண்டும் எழுதியிரிந்தாராம். வாசிக்கத் தெரியாட்டி என்னட்டக் கேட்டிரிக்கலாமே."

"உனக்குப் பிரெஞ்சு தெரியுமா?"

"தெரியாத எண்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

நல்ல மனத்தால் விசாரணைக்குப் போனேன் என்று எழுத ஆசைதான். அந்தக் கோணல் எலும்பு கண்ணுக்குள் நின்றது உண்மை. ஆனால் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு என்னைக் கிளம்ப வைத்தது, அந்த மனிதனின் நிழலில் நான் ஒளிந்திருக்கிறேன் என்ற எரிச்சல். நான் செய்ததற்கு அவர் பெரிய மனிதர் ஆகிறார். அதை மட்டும் பொறுக்க முடியவில்லை.

அதே விளையாட்டு மண்டபம். ஒரு மேசைக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஒரு அதிகாரிப் பெண். பக்கத்தில் சென்னைப் பக்கத்து மொழிபெயர்ப்பாளர் பெண் ஒருத்தி. ஓரத்தில் நிவாரண நிறுவனத்தின் பொறுப்பாளர்.

"நீங்கதான் ஒட்டினீங்களா சார்?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டாள்.

"ஓம். நான்தான். மாஸ்டர் இல்ல."

"எதுக்கு ஒட்டினீங்கன்னு கேக்குறாங்க."

விதானையார், சங்கக்கடை, தகரம், செத்தவரின் பெயர், எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி நெடுநேரம் எழுதினார். பிறகு ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க கண்காணிக்க நெனச்சது குடுக்கறவங்கள. ஆனா கண்ணாடில ஏத்தினது வாங்கறவங்களன்னு சொல்றாங்க சார்."

அடுத்ததாக, "அந்த ஆளை மட்டும் புடிக்கணும்னு நெனச்சீங்களா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். ஏன் என்றாள். "பொறாமை" என்றேன். அந்தச் சொல்லை அவள் பிரெஞ்சில் சொல்ல ஒரு கணம் எடுத்தது. அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். என் பொறாமை இப்போது அரசாங்கக் கோப்பில் இருக்கிறது. எந்தப் பூட்டுக்குள் வைத்திருக்கிறார்களோ தெரியாது.

அதன்பிறகு அதிகாரி பொறுப்பாளர் பக்கம் திரும்பினார். நோய், விலாசம், குடும்ப விசயம் எல்லாவற்றையும் ஏன் ஒரே தாளில் எழுதச் சொன்னீர்கள்? தொண்டுக்கு வந்த ஒருவரை அந்தத் தாளோடு ஏன் பலசரக்குக் கடைக்கு அனுப்பினீர்கள்? மண்டபத்தில் பூட்டுள்ள அலுமாரி ஒன்றாவது இருந்ததா? பொறுப்பாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். இப்போது அங்கே பெயருக்குப் பதிலாக இலக்கமாம், விலாசம் வேறு கோப்பிலாம். அந்த மாற்றத்துக்கு நானும் ஒரு காரணம் என்று ஒருநாள் கடையில் சொல்லத் தொடங்கினேன். மனைவி, "வாயப் பொத்துங்க" என்றாள்.

சகலனுக்குச் சட்டை திரும்பக் கிடைக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. நான் போய்ச் சொன்னதைப் பற்றி என்னோடு கதைக்கவும் இல்லை. சட்டை இல்லாமலும் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான்.

அவள் என் கடைக்கு அதன்பிறகு வரவில்லை. மேல்மாடியை வாடகையில்லாமல் தருகிறேன் என்று சகலனின் மனைவி மூலம் சொல்லி அனுப்பினேன். கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டுத் தருவதாகவும் சொன்னேன். 'வேண்டாம்' என்று ஒரு சொல் திரும்பி வந்தது. புருசன் தேடி வந்தானா, வரவில்லையா, அதுவும் எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்வதில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் சகலன் கறிவேப்பிலையோடு ஒரு பக்கற் தேங்காய் பிஸ்கட்டும் எடுக்கிறார். அவருக்குச் சீனி வருத்தம், இனிப்புத் தொட மாட்டார். பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களில் இருக்கிறார்கள். முதல் சனிக்கிழமை, "ஆருக்கு மாஸ்டர்?" என்ற கேள்வி என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் கறிவேப்பிலையை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். விழுங்கிவிட்டேன்.

அவள் இருக்கும் இடம் அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. சட்டை போனபின்னும் அந்தப் பெண் அவரைத்தான் நம்புகிறாள். சனிக்கிழமை காலையில் அவர் கதவைத் திறந்து வரும்போது இன்னும் என் வயிறு எரிகிறது. ஆனாலும் பிஸ்கட் நொருங்காமல் பையில் மேலாக வைத்துக் கொடுக்கிறேன்.

போன சனிக்கிழமை இரண்டு பக்கற் எடுத்தார். பிள்ளை இந்த வருடம் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோகிறாளாக்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.